ஒளியாதே, வெளியே வா

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் என் ஆறு வயதுப் பேரனிடம், "வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வாய்?" என்று சும்மா கேட்டேன். "கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன்" என்றான். திக்கென்றது. பயந்தால் சின்னப் பிள்ளைகள் ஒளியத்தான் செய்வார்கள். புகைக்குள் அவர்களை எங்கே தேடுவது?

"அடுப்புப் பக்கம் போகாதே" என்று அதட்டுவதோடு நம் பாடம் முடிந்துவிடுகிறது. அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. புகை மேலே நிற்கும், தரையோடு தவழ்ந்து வெளியே வா. சட்டையில் தீப்பற்றினால் ஓடாதே, முகத்தை மூடிக்கொண்டு தரையில் உருளு. பொம்மையை எடுக்கத் திரும்பிப் போகாதே. வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று ஞாயிறு மாலை கூடத்தில் நாங்களே உருண்டு பழகினோம். (என் இடுப்பு இன்னும் வலிக்கிறது.)

கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்பதையும் சொன்னேன். தீயணைப்புக்கு 101, கேஸ் கசிவுக்கு 1906 என்று பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியாயிற்று.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். பிறகு கூரைப் பள்ளிகளைப் பற்றி நிறையப் பேசினோம். வீட்டைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. தீபாவளி நெருங்கும்போது தீயணைப்பு வீரர்கள் பள்ளிகளுக்கு வந்து பட்டாசு பற்றிச் சொல்கிறார்கள். சரி, அப்போதே இன்னும் பத்து நிமிடம் எடுத்து, பிள்ளைகளைத் தவழவும் உருளவும் பழக்கிவிட்டுப் போகலாமே?

ஒரு பாட்டி,
தஞ்சாவூர்.