பைதன் நிரலைத் தனிக்கோப்பாக்கவும் கற்பியுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் எமது பிள்ளைகள் பைதன் என்ற கணினி மொழியில் எழுதும் நிரல், பைதன் நிறுவப்படாத கணினியில் இயங்காது என்பதால், அதனை, நிரலை வாசித்து இயக்கும் இன்டர்பிரிட்டரோடும் ஆயத்த நிரல் தொகுப்புகளான நூலகங்களோடும் சேர்த்து ஒரே கோப்பாகப் பொதி செய்யும் பைஇன்ஸ்டோலர் என்ற மென்பொருளையும் வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும்.

புடைவைக் கடை நடத்தும் என் தம்பிக்காக என் மகள் எழுதிய இருப்புக் கணக்கு நிரல், அவளது மடிக்கணினியில் குறையின்றி ஓடியும், கடையின் விண்டோஸ் 7 கணினியில் திறக்கவே மறுத்தது, பைதன் 3.9 முதலான பதிப்புகள் அதில் இயங்கா என்று அறிந்து, 3.8 இல் மீண்டும் பொதி செய்த பின்னரே சரிவந்தது. ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு தடவையும் தற்காலிகக் கோப்புறையொன்றில் விரிந்த பிறகே தொடங்குவதால், அத்தாமதத்தைப் பழுதென்று எண்ணிய கடைப் பையன் பலமுறை சொடுக்க, அத்தனை சாளரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துகொண்டன. இவற்றை அவளுக்கு எந்த ஆசிரியரும் சொல்லியிருக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.