தாத்தாவை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ராக் குழுக்களில் யார் யாருடைய வரிகளை எடுத்தார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' (1969), ஸ்மால் ஃபேசஸ் குழுவின் 'யூ நீட் லவ்விங்' (1966) பாட்டிலிருந்து சுட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். ஸ்மால் ஃபேசஸுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

இரண்டு பாட்டுக்கும் தாத்தா சிகாகோவில் இருக்கிறார். ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் எழுதி 1962இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடிய 'யூ நீட் லவ்'தான் அது. கிட்டார் கலைஞர் ஏர்ல் ஹூக்கர் முன்பே வாசித்துப் பதிவாகியிருந்த இசையின் மேல் மடி வாட்டர்ஸ் குரலை மட்டும் ஏற்றிய இசைத்தட்டு. ஃபூலின், ஸ்கூலின், கூலின் என்று அடுத்தடுத்து விழும் இயைபு, 'வே டவுன் இன்சைடு' என்று குரல் இறங்கும் இடம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. 'ஹோல் லாட்டா லவ்' காதில் ஊறியவர்கள் அதைப் போட்டதுமே பிடித்துவிடுவார்கள்.

அதற்காக ஸ்மால் ஃபேசஸுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. மடி வாட்டர்ஸ் அவசரமே இல்லாமல், பேசுகிற மாதிரி பாடுகிறார். அதே சொற்களை இழுத்து, உடைத்து, தொண்டை கிழியப் பாடியவர் ஸ்மால் ஃபேசஸின் ஸ்டீவ் மேரியட். செப்பலினின் ராபர்ட் பிளான்ட் பாடும்போது எனக்கு மேரியட்தான் கேட்கிறார். வரிகள் டிக்சனுடையவை, பாடும் விதம் மேரியட்டுடையது. கட்டுரை இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டது.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். ஸ்மால் ஃபேசஸ் தட்டில் எழுதியவர்கள் என்று மேரியட்டும் அதே குழுவின் ரோனி லேனும். செப்பலின் தட்டில் குழுவினர் நால்வர். டிக்சன் இரண்டிலும் இல்லை. செப்பலினுக்கு அவரைத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே 1969இல், சில மாதங்கள் முன்னால் வந்த முதல் ஆல்பத்தில் இரண்டு பாடல்களுக்கு டிக்சன் பெயரை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள்! அப்புறம் 1985இல் டிக்சன் வழக்குப் போட்டார். 1987இல் சமரசமாகி, பிற்காலப் பதிப்புகளில் அவர் பெயரும் ஏறியது. அது திருட்டுதான் என்று பிளான்டே பின்னாளில் பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

எடுத்த வரி வேறொன்றாக மாறுவதும் உண்டு. பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' (1969) தொடக்க வரி அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் 1956ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வந்தது. பெர்ரியிடம் அது நெடுஞ்சாலையில் தன் காரை ஒட்டி முந்த வருபவனைப் பற்றிய வரி. பீட்டில்ஸின் ஜான் லெனன் எழுதிய பாட்டில் காரும் இல்லை, சாலையும் இல்லை. ஏதோ ஒரு விசித்திர ஆசாமி மெல்ல வருகிறான். பெர்ரி சாயல் தெரிகிறது, வேகத்தைக் குறைப்போம் என்று குழுவின் இன்னொருவரான பால் மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். அப்படியும் பெர்ரி பாட்டின் உரிமையாளர் விடவில்லை, வழக்குப் போட்டார். கடைசியில் சமரசத்தின் பேரில் தன் 1975 ஆல்பத்தில் லெனன் அந்தப் பெர்ரி பாட்டையே முழுசாகப் பாட வேண்டி வந்தது. இதை டிக்சன் விவகாரத்தோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள்: மூல வரிகளை எழுதியவர் வில்லி டிக்சன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி