பலகோணப் புரிக் குழலும் எங்கள் ஈயக் குண்டுகளும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஒன்பது மில்லிமீட்டர் வார்ப்பு ஈயக் குண்டுகளைப் பற்றிச் சில வாரங்களாகப் பரவிவரும் புகார் உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். பலகோணப் புரி (குண்டைச் சுழலவைக்க, கூரிய விளிம்பில்லாத பலகோண வடிவில் முறுக்கிய உட்புறம்) கொண்ட ஒரு கைத்துப்பாக்கியின் குழலில் ஈயம் அப்பிக்கொண்டது உண்மை, அதற்காக வருந்துகிறோம். ஆனால், கிடைத்த கழிவு ஈயத்தை உருக்கி ஊற்றுவதால்தான் எங்கள் குண்டு மென்மையாக இருக்கிறது என்று சொல்வதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி என்ற கலவையை நாங்கள் ஒருபோதும் மாற்றியதில்லை. வெள்ளீயத்தின் விலை ஏறியபோதும் அதில் ஒரு பங்கைக்கூடக் குறைக்கவில்லை. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் அது ஏறத்தாழ 15. கைத்துப்பாக்கியின் வேகத்திற்கு இது போதும். இதைவிடக் கடினமாக வார்த்தால் அழுத்தத்தில் குண்டு விரிந்து குழலின் சுவரோடு இறுகப் பொருந்துவது குறையுமே தவிர, ஈயம் படிவது நிற்காது.

புகார் கூறியவர் குழலையே அனுப்பிவைத்தார். மருந்தறையை (தோட்டா அமரும் இடத்தை) அடுத்த இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சாம்பல் நிறப் படலம்; செம்புக் கம்பிச் சுருளால் தேய்த்தபோது அது சிகரெட் பெட்டித் தாளைப் போல இழையிழையாக உரிந்து வந்தது. பின்பு குழலின் உள்ளளவை அறிய மெல்லீயத் துண்டொன்றை அதில் தள்ளி, அந்தத் துண்டை அளந்தோம், 0.357 அங்குலம் வந்தது. அவர் வாங்கிய குண்டு 0.356. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளிதான், ஆனால் சூடான வாயு அதன் வழியே பாய்ந்து குண்டின் ஓரத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். குழலின் பள்ள விட்டத்தைவிட, அதாவது உட்புறத்தின் மிக அகன்ற குறுக்களவைவிட, குண்டு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு பெரிதாக இருப்பதே முறை. பலகோணக் குழலில் கூரிய மேடுகள் இல்லாததால் படிந்த ஈயமும் வழவழப்பாகவே தெரியும். சுடுபவர் அதைக் கவனிக்காமல் தொடர்ந்தால் துளை குறுகி அழுத்தம் அபாயகரமாக ஏறும். பலகோணக் குழல் கைத்துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்ற க்ளாக் நிறுவனம் தன் கையேட்டில் ஈயக் குண்டு வேண்டாம் என்பதற்கும் இந்தப் படிவே காரணமாகச் சொல்லப்படுகிறது. அறுகோணக் குழலில் ஈயக் குண்டைச் சுடுவது 1850களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் செய்து காட்டியதுதான். ஆனால் அது குழலின் வாய்வழியே ஒவ்வொரு குண்டாக நிரப்பிய துப்பாக்கி, இன்றைய கைத்துப்பாக்கியோடு ஒப்பிட முடியாது.

ஆகவே பலகோணக் குழல் வைத்திருப்பவர்களுக்கு இனி ஈயம் குழலைத் தொடாதபடி மேற்பூச்சிட்டு, சூளையில் சூடேற்றி இறுக்கிய குண்டுகளை மட்டுமே தருவோம், 0.357, 0.358 ஆகிய இரு அளவுகளிலும் கிடைக்கும். பூச்சு இருந்தாலும் ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை துப்பாக்கியை வெறுமையாக்கிக் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். படிந்த ஈயத்தை நீக்கச் செம்பு உறையிட்ட குண்டைச் சுட வேண்டாம். அடைபட்ட குழலில் அது மேலும் ஆபத்து. கூடுதல் வேலையின் பொருட்டு, பெட்டிக்கு 500க்குப் பதிலாக 400 குண்டுகள் அதே விலையில் வரும்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் எங்களையே அழைத்து விவரம் கேட்ட பழைய வாடிக்கையாளர்களை நன்றியுடன் நினைக்கிறோம். உங்கள் நம்பிக்கைதான் உலையை அணையாமல் வைத்திருக்கிறது. 0.356 குண்டுகள் கைவசம் இருந்தால், பெட்டியைத் திறந்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அனுப்பும் செலவு எங்களுடையது.

அன்புடன்,
உரிமையாளர்