தோற்றாலும் மஞ்சள் பனியன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணி ஜெயித்தால்தான் ரசிகர் கூட்டம் என்பது பாதி உண்மை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பல்கலைக்கழக அணி சனிக்கிழமை வென்றால், திங்களன்று அதன் சின்னம் பொறித்த உடையில் வரும் மாணவர்கள் கூடினார்களாம்.

நம் பக்கம் கதை வேறு. சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017-இல் தடையில் இருந்தது. மஞ்சள் பனியன் பரணுக்குப் போகவில்லை. 2025-இல் பட்டியலில் கடைசி இடம். அப்போதும் சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் மதியமே காட்பாடி ஜங்ஷனில் ஒரு கூட்டம்: கன்னத்தில் சாயம், கழுத்தில் விசில், பையில் புளிசாதம். அப்பாவோடு பார்த்த ஆட்டங்கள், தெருப் பையன்களோடு போட்ட சண்டை எல்லாம் அந்தப் பனியனோடு ஒட்டிக்கிடக்கின்றன. அணியை விட்டால் அந்தக் கூட்டாளிகளையும் விடவேண்டுமே! (தோற்ற அன்று வீரர்களின் குடும்பத்தை வலைதளத்தில் வசைபாடுவது மட்டும் எந்த விசுவாசத்திலும் சேராது.)

ஒரு கோரிக்கை. வேலூர் மாவட்டக் கபடி, கிரிக்கெட் முடிவுகளையும் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். எந்த ஊர் ஜெயித்தது என்று தெரிந்தால்தானே ஆள் சேரும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.