சுவ்லாக்கிக்குத் தூள் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள், வீட்டு விறாந்தையில் ஐந்து மேசை போட்டு ஒரு குடும்பம் கிரேக்கச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறது. பெயரை எழுதினால் விளம்பரம் என்பீர்கள், விடுகிறேன். தகப்பன் ரொறன்ரோவில், கிரேக்கக் கடைகள் நிறைந்த டான்ஃபோர்த் வீதியில், ஒரு கிரேக்கரின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கிப் பிறகு அடுப்படிக்கு ஏறினவர். இப்போது ஊரோடு வந்துவிட்டார். அவர் சமைக்கிறார், மனைவி மாக் குழைக்கிறார், மகள் காசு வாங்குகிறாள்.

முதல் தடவை பேரப்பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல்தான் போனோம். மாமியும் வந்தா, கைப்பைக்குள் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயோடு. சுவ்லாக்கி என்பது கம்பியில் குத்திச் சுட்ட இறைச்சி. தேசிப்புளி, உப்பு, ஒலிவ் எண்ணெய், ஒரிகானோ என்ற காய்ந்த இலை, அவ்வளவுதான் பிரட்டல். சிரட்டைக்கரியில் சுடுகிறார். கூடவே சாட்சிகி, அதாவது துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிருக்குள் கெக்கரிக்காயும் உள்ளியும். முதல் வாயில் எனக்கும் ஏதோ குறைகிற மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. மூன்றாவது துண்டில்தான் கோழியின் ருசி நாக்கில் பட்டது. நாற்பது வருடமாகத் தூளின் ருசியைக் கோழியின் ருசி என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன் போல.

முந்திரிகை இலைக்குள் சோறு வைத்துச் சுருட்டி அவித்த ஒன்றும் வந்தது. (முந்திரிகை என்றால் கஜு இல்லை, திராட்சை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) எங்களூரில்தான் முந்திரிகைத் தோட்டத்துக்குப் பஞ்சமில்லையே, இத்தனை நாளும் பழத்தைப் பிடுங்கிவிட்டு இலையை ஆட்டுக்குப் போட்டிருக்கிறோம். தோட்டத்து இலைக்கு மருந்து அடித்திருப்பார்கள் என்று பயந்து அந்த அண்ணை தன் வளவிலேயே பந்தல் போட்டுக் கொடி வளர்க்கிறார். இறைச்சி வைக்காமல் சுருட்டினால் அதற்கு யாலஞ்சி என்று பெயராம், துருக்கிச் சொல், பொய்க்காரன் என்று அர்த்தம். அன்று வெள்ளிக்கிழமை, மாமி மச்சம் தொடமாட்டா. "பொய்யெண்டாலும் பரவாயில்லை, இன்னும் ரெண்டு வை பிள்ளை" என்று கேட்டு வாங்கினா. ஊறுகாய்ப் போத்தலை அன்று திறக்கவே இல்லை.

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். போன கிழமை திரும்பப் போனால் சுவ்லாக்கி செக்கச்செவேல் என்று வருகிறது. வாயில் வைத்தால் எங்கள் வீட்டுக் கோழிப்பொரியல். சாட்சிகிக்குள் பச்சைமிளகாய். என்ன பிள்ளை இது என்று மகளிடம் கேட்டேன். "அங்கிள், சனம் உப்புச்சப்பில்லை எண்டு சொல்லுது. ரெண்டு மூண்டு பேர் தட்டை அப்பிடியே விட்டிட்டுப் போட்டினம். அப்பாவுக்கு அதைப் பார்க்கேலாமல் போச்சு" என்றாள். உள்ளே அந்த மனுசன் என் பக்கம் திரும்பாமல் கரியை ஊதிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தக் கடையில் கோபமில்லை, எங்கள் சனத்தில்தான் கோபம். கனடாவிலிருந்து வருகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், அங்கே கிரேக்கன் கடையில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து "தூள் இல்லையா" என்கிறார்கள்.

சரி, ருசிக்கேற்ப மாற்றினால் என்ன என்று ஒரு நண்பர் வாதாடினார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கும் முசாக்காவுக்கு மேலே இன்று வருகிற வெள்ளைச் சோஸ், செலெமெந்தஸ் என்ற கிரேக்கச் சமையல்காரர் 1920களில் பிரெஞ்சுக்காரரைப் பார்த்துச் சேர்த்தது. பீட்சாவுக்கு அன்னாசி போட்டதும் ஒரு கிரேக்கர்தான், 1962இல் ஒன்ராறியோவில் கடை வைத்திருந்த சாம் பனோபுலஸ். எங்கள் மிளகாயே போர்த்துக்கீசர் கொண்டுவந்ததுதானே. ஆனால் அவர்கள் ஆசைப்பட்டு மாற்றினார்கள். இந்த அண்ணை மிஞ்சின தட்டைப் பார்த்துப் பயந்து மாற்றுகிறார். அப்படியே போனால் அடுத்த வருடம் அது இன்னொரு கொத்துரொட்டிக் கடை. அதுதான் மூலைக்கு மூலை இருக்கிறதே.

வழி ஒன்றும் கஷ்டமில்லை. உறைப்பு வேண்டுமென்றால் ஒரு சின்னக் கிண்ணத்தில் மிளகாய்ச் சம்பல் தனியாகக் கேளுங்கள், இறைச்சியை விட்டுவிடுங்கள். கடைக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், மெனு முழுக்க ஆங்கிலத்தில் கிடக்கிறது. என்ன சாமான், எப்படிச் செய்தது என்று தமிழில் ஒரு வரி போட்டிருந்தால் பாதிப் பேர் ஏமாந்திருக்கவே மாட்டார்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கடையைப் பூட்ட யோசிக்கிறாராம், மச்சக் கடைக்கு யார் வருவார்கள் என்று. பூட்டத் தேவையில்லை. கிரேக்கக் கிறிஸ்தவர்களும் உயிர்த்த ஞாயிறுக்கு முன் நாற்பது நாளுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை தொடாமல் விரதம் பிடிக்கிறவர்கள், அதற்கென்றே அவரை, பருப்பு, கீரை என்று ஒரு பெரிய சமையல் வைத்திருக்கிறார்கள். என்ன, இரத்தம் இல்லாதது என்று சொல்லிக் கணவாயையும் இறாலையும் விரதத்துக்குள் சேர்த்துவிடுவார்கள். இதைக் கேட்டு மாமி வாயில் கை வைத்தா. கணவாயை விட்டுவிட்டு மற்றதைச் சமைத்தால் நாங்கள் குடும்பத்தோடு வருவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அங்கே கிரேக்கக் கோப்பி தருவார்கள், சின்னக் கோப்பையில், வடிக்காமல். சீனி எவ்வளவு என்று போடும்முன்பே சொல்லிவிட வேண்டும், பிறகு கலக்கக்கூடாது. அடியில் மண்டி இருக்கும், அது அப்படித்தான், குடிக்காமல் விட வேண்டியது. போன கிழமை அதற்கும் ஒருவர் அந்தப் பிள்ளையைப் பேசிக்கொண்டு நின்றார்.

கோண்டாவில் வாசகர் ஒருவர்