முத்தம்மா வழக்கில் நடந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் வென்றார் என்றே பலரும் எழுதுகிறார்கள். உண்மையில், பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த மனு 1979-இல் தள்ளுபடியானது. வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டதே காரணம். ஆனால், சில மாதங்கள் முன்னதாக உயர்வு பெற்ற, பணியில் அவருக்கு இளையவர்களைக் கணக்கில் கொண்டு அவரது பணிமூப்பை மறுபரிசீலிக்க நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் உத்தரவிட்டார். அந்தச் சில மாதங்கள்தான் அடுத்தடுத்த உயர்வுகளிலும் ஒருவரைப் பின்தள்ளும்.

பெண் அதிகாரி திருமணத்துக்கு எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் விலக வேண்டும் என்றது வெளியுறவுப் பணி நடத்தை விதிகளில் இருந்த 8(2) விதி. எவ்வளவு பெரிய அநீதி! இதையும் தீர்ப்பு கடுமையாகச் சாடியது. சென்னையில் படித்த அவரது போராட்டம் நம் பாடநூல்களில் முழுமையாக இடம்பெற வேண்டும்.

- ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை