வண்டி இன்னும் வரவில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் கோபமாகப் பேசிவிட்டு வைத்துவிட்டாய். மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம், பக்கத்தில் ஏலச் சத்தம், நான் சொன்னதில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். நிதானமாகப் படி.

நீ கேட்டது ஒரே கேள்விதான். ஷோரூமில் வெள்ளை வண்டி ஒன்று தயாராக நிற்கிறதாமே, 40,000 ரூபாய் தள்ளுபடியும் தருகிறார்களாமே, அதை எடுத்துக்கொள்ளாமல், புக் செய்த சரக்கு வண்டி வரட்டும் என்று எதற்கு இரண்டு மாதமாக வாடகை வண்டிக்குப் பணத்தைக் கொட்டுகிறீர்கள் அப்பா என்று.

அந்த வண்டியை நான் போய்ப் பார்த்துவிட்டேன். ஷோரூமில் இல்லை, ஊருக்கு வெளியே அவர்கள் வண்டி நிறுத்தும் காலியிடத்தில் நிற்கிறது. டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் 0924 என்று நான்கு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2024 பிப்ரவரி கடைசியில் செய்த டயர். நான்கு சக்கரத்தோடு ஸ்டெப்னியிலும் அதே எண். வண்டி எந்த மாதம் செய்தது என்று கேட்டேன், விற்கிற பையன் நேராகப் பதில் சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்ட பிறகு சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, 2024 ஏப்ரல் என்றான். ஒன்றரை வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி, பாப்பா. பேட்டரி செத்துப்போய் வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துத்தான் கிளப்பினார்கள். சீட்டைத் தூக்கினால் உள்ளே எலி வைக்கோல் சேர்த்து வைத்திருக்கிறது. எந்த வயரைக் கடித்திருக்கிறதோ, அது ஆறு மாதம் கழித்துப் பாச்சலூர் மலையில் பாதி ராத்திரியில்தான் தெரியும்.

இதையெல்லாம்கூடச் சரிசெய்துவிடலாம் என்று வை. ஆர்.சி. புத்தகத்தில் வண்டி செய்த மாதமும் வருடமும் அச்சாகிறது, அதை யாராலும் மாற்ற முடியாது. இன்றைக்கு வாங்கினாலும் அது 2024 மாடல்தான். நாளைக்கு விற்கப் போனாலோ அதன்மேல் கடன் கேட்டாலோ அந்த வருடத்தை வைத்துத்தான் மதிப்புப் போடுவார்கள். அப்படிக் குறைகிற மதிப்பைவிட 40,000 தள்ளுபடி குறைவு என்பது என் கணக்கு. இன்னொன்று, அதில் பக்கப் பலகை தாழ்வு. நமக்கு வாழைத்தார் அடுக்க உயரமான பாடி வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் மேல் வரிசை நசுங்கிப் பழம் கறுத்துப்போகும். பஞ்சாமிர்தத்துக்கு மலைப்பழம் வாங்குகிறவர்கள் ஒரு கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள், நீயே பார்த்திருக்கிறாய்.

அப்புறம் முக்கியமான விஷயம். முன்பணத்தில் 1,50,000 உன்னுடையது. மூன்று வருடம் ஹாஸ்டலில் நான்கு பேரோடு ஒரே அறையில் இருந்து, ஷிப்டு பார்த்து, சேர்த்த பணம். நீ கேட்காமலே அனுப்பினாய், நான் வேண்டாம் என்றதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தாய். சரி, வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பணத்தில் பழசாகிப்போன ஒரு வண்டியைப் புது வண்டி என்று சொல்லி வாங்கி வீட்டு வாசலில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. என் பணம் மட்டுமாக இருந்தால் ஒருவேளை அவசரப்பட்டிருப்பேன். உன் பணம் என்பதால்தான் காத்திருக்கிறேன். இதைத்தான் நேற்று அந்தச் சத்தத்தில் சொல்லப் பார்த்தேன்.

வாடகைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நடைக்கு 1,800 கொடுக்கிறேன். சொந்த வண்டியாக இருந்தால் டீசல் 700 ஆகும், அப்போது நடைக்கு 1,100 கூடுதல். வாரம் நான்கு நடை, எட்டு வாரத்துக்கு 35,200. இது நீ சொன்ன கணக்கு, சரியான கணக்குதான். ஆனால் வண்டி வந்திருந்தால் கடனுக்கு மாதம் 14,500 டியூ ஆரம்பித்திருக்கும், இரண்டு மாதத்துக்கு 29,000. டியூ எப்படியும் பின்னால் கட்ட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த இரண்டு மாதத்தில் என் கையிலிருந்து கூடுதலாகப் போனது 6,200 ரூபாய். அதற்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 7 லட்சம் என்றால் 70,000 ரூபாய் மிச்சம். அதற்காகவே நானும் ஆகஸ்டில் வாங்காமல் தள்ளிப்போட்டேன். என்னைப் போலவே ஊரில் எல்லோரும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். நான் 24-ஆம் தேதி போய் நின்றபோது ஷோரூமில் உட்கார நாற்காலி இல்லை. ஆயுத பூஜைக்குத் தருகிறோம் என்றார்கள், அப்புறம் தீபாவளிக்கு என்றார்கள், தீபாவளியும் போய்விட்டது. முதலிலேயே இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. ஒவ்வொரு தடவையும் பத்து நாள், பத்து நாள் என்று சொல்லும்போதுதான் மனசு கஷ்டப்படுகிறது.

இப்போது கார்த்திகை. மாலை போட்டவர்கள் பழனிக்கும் சபரிமலைக்கும் போகிற சமயம், பழத்துக்கும் காய்கறிக்கும் நல்ல கிராக்கி. இந்த நேரத்தில் சொந்த வண்டி இல்லாதது எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டிசம்பர் 16-இல் மார்கழி பிறந்துவிட்டால் அம்மா வண்டி எடுக்க விடமாட்டாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் முப்பது வருடமாக நான் மலை ஏறி இறங்கும் ஒவ்வொரு ராத்திரியும் விளக்கு வைத்துவிட்டுப் படுக்காமல் உட்கார்ந்திருப்பவள் அவள். அவள் மனசு ஒப்பாமல் அந்த வண்டியில் நான் சாவி போட முடியாது. மார்கழிக்குள் வராவிட்டால் தை முதல் தேதி எடுத்துக்கொள்கிறேன். தைப்பூசத்துக்கு முன்னால் ஓட ஆரம்பித்தால் போதும்.

பழைய குட்டி யானையைக் கொடுத்துவிட்டதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பாய். பதினான்கு வருடம் ஓடியது. எட்டு வருடம் தாண்டியதிலிருந்து ஓடத் தகுதியான வண்டி என்று வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டியிருந்தது. இந்தத் தடவை என்ஜின் வேலை, பாடி வேலை, பெயின்ட் எல்லாம் சேர்த்து மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டபோது, அந்தக் காசை அதில் போடுவது நியாயமில்லை என்று தோன்றியது. உன் பாலிடெக்னிக் ஃபீஸ், தம்பியின் ஆபரேஷன், வீட்டுக்குத் தளம் போட்டது, எல்லாம் அது சுமந்ததுதான். கொடுக்கும் அன்றைக்குக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பினேன். தம்பி அழுதான்.

உன்னை முதன்முதலில் ஓசூரில் கொண்டுவந்து விட்டதும் அதில்தானே. பெட்டி, பாய், பக்கெட், அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை. வேலைக்குப் போகிற ஊரை நெருங்க நெருங்க நீ பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாய், கிருஷ்ணகிரி தாண்டியதும் சுத்தமாக நிறுத்திவிட்டாய். நான் திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் வந்தது ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கண் சரியாகத் தெரியவில்லை, வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் வந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாம் புக் செய்த வண்டியும் ஓசூரில்தான் தயாராகிறது. நீ பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது நம்பர் இல்லாத புது வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பாய். அங்கிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல். 300 கிலோமீட்டருக்கு மேல். யாரோ ஒரு டிரைவர் நம் வண்டியை அந்த வழி முழுக்க ஓட்டிக்கொண்டு வரப் போகிறார், நமக்கு முன்னால் அவர்தான் அதில் உட்காரப் போகிறார். நல்லபடியாக ஓட்டி வர வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இடைவெளியை நான் வீணாக்கவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பழசு மாதிரி இல்லை, புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறது, அவ்வப்போது மெயின் ரோட்டில் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட்டினால்தான் அந்தக் கரி எரியும், மலைக்கும் மண்டிக்கும் மட்டும் ஊர்ந்துகொண்டே இருந்தால் அடைத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் சொன்னார். வாரம் ஒரு நடை திண்டுக்கல்லுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் வருகிற மாடலாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன், அதற்குப் பெர்மிட் தேவையில்லை. நீ சி.என்.ஜி. எடுக்கச் சொன்னாய். எனக்கு வடகாட்டிலிருந்து மேலே ஏறும்போது முழு லோடோடு இழுக்கிற டீசல்தான் வேண்டும், அதில் மட்டும் என்னை வற்புறுத்தாதே.

டெலிவரி எடுக்கும்போது டயர் எண்ணையும் சேசிஸ் நம்பரின் பதினேழு எழுத்தையும் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ ஒரு தடவை சரிபார்த்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

பொங்கலுக்கு வரும்போது உன் லைசென்ஸை எடுத்துக்கொண்டு வா. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்களே 7,500 கிலோ வரை சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, தனியாக பேட்ஜ் வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் குட்டி யானையில் கிளட்ச் பழகினாயே, இதில் கிளட்ச் லேசாக இருக்கும் என்கிறார்கள். மேலே ஏறும்போது நான் ஓட்டுகிறேன், இறங்கும்போதும் நான்தான், நடுவில் சமதளத்தில் நீ எடுத்துக்கொள்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், பார்சலில் நாளைக்கு அனுப்புகிறேன். ஹாஸ்டல் விலாசத்தில் பின்கோடு மாறியிருந்தால் காலையில் சொல்லிவிடு.

அப்பா